அச்சுக்குப் போகாத நாவலுக்கு உருப்படியான கருத்து எங்கே கிடைக்கும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒருவர், செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தை நம்பிப் பிழைத்த ஒரு குடும்பத்தின் கதையை முந்நூறு பக்கத்துக்கு மேல் நாவலாக எழுதி முடித்திருக்கிறார். 1960களில் தொடங்கி, குடும்பம் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்வது வரை கதை போகிறது. வீட்டிலும் நண்பர்களிடமும் படிக்கக் கொடுத்தார், எல்லாரும் "நல்லா இருக்கு" என்றார்கள். மூத்த எழுத்தாளர் ஒருவர் "இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும்" என்றார். ஒரு பதிப்பகம் "உடனே போட்டுடலாம், செலவு இவ்வளவு ஆகும்" என்றது. இதில் எதை நம்புவது, ஒழுங்காகப் படித்துச் சொல்ல ஆட்கள் எங்கே கிடைப்பார்கள் என்று கேட்கிறார்.

அந்த மூன்று பதிலையும் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். "நல்லா இருக்கு" என்றவர்களுக்கு உங்கள் மேல் பிரியம், அவ்வளவுதான். அதில் சிலர் பாதியிலேயே நிறுத்தியிருப்பார்கள், அதைச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது. பதிப்பகம் சொன்னது வியாபாரப் பேச்சு; எழுதியவரிடமே செலவை வாங்கிக்கொண்டு புத்தகம் போடும் இடத்துக்கு உங்கள் நாவலை வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடையாது. மூத்தவர் சொன்ன ஆழம் மட்டும் விசாரித்துப் பார்க்க வேண்டிய விஷயம். மறுபடி அவரிடம் போய், "ஐயா, எந்த இடத்தில் உங்களுக்கு அப்படித் தோணுச்சு, ஒரு அத்தியாயம் சொன்னாப் போதும்" என்று கேளுங்கள். சட்டென்று ஓர் இடத்தைச் சொன்னார் என்றால் படித்திருக்கிறார், அந்த இடத்தில் நிஜமாகவே ஏதோ இருக்கிறது. பொதுப்படையாகவே பேசினால் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம்மிடம் இருக்கும் பெரிய சிக்கல் என்னவென்றால், ஒரு நாவலை எழுதியவருக்கு அடுத்தபடியாக முழுதாகப் படிக்கிறவர் பெரும்பாலும் அணிந்துரை எழுதுகிறவர்தான். அதற்குள் பக்க வடிவமைப்பு முடிந்து, அட்டையும் தயாராகி, வெளியீட்டு விழாவுக்கு அரங்கமும் சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்தில் அவருக்கு ஏழாம் அத்தியாயமே தேவையில்லை என்று தோன்றினாலும் எப்படிச் சொல்வார்? விழாவில் நூலைப் பற்றிப் பேசுகிறவர் நிலைமையும் அதேதான். உண்மையான விமர்சனம் விழா முடிந்து சாப்பிடப் போகும் இடத்தில், எழுதியவர் இல்லாத மேசையில் நடக்கும். அதை அச்சுக்கு முன்னாலேயே உங்கள் மேசைக்குக் கொண்டுவருவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

பதிப்பகத்தில் எடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், எழுத்தாளரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பேசிப் பிரதியைச் செம்மையாக்குவார் என்பது தமிழில் எல்லாருக்கும் தெரியும். அது ஊரெல்லாம் பேசப்பட்டதற்குக் காரணமே மற்ற இடங்களில் அது நடப்பதில்லை என்பதுதான். அவரும் 2020இல் போய்விட்டார். இன்றைக்கும் அக்கறையாகப் பார்க்கிற பதிப்பாளர்கள் சிலர் இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலான இடங்களில் எடிட்டிங் என்றால் மெய்ப்புப் பார்ப்பதோடு சரி. ஒற்று சரியாகும், கதை அப்படியே இருக்கும்.

ஆட்களை எங்கே பிடிப்பது என்பதற்கு வருகிறேன். மலாயா, சிங்கப்பூர்ப் பக்கத்தில் எழுதுகிறவர்களைக் கூட்டி உட்கார வைத்துக் கதையை அலசுவது பழைய பழக்கம். 1950 வாக்கிலேயே கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். அப்புறம் அதே பத்திரிகையில் வேலை பார்க்க கோலாலம்பூருக்கு வந்த கு. அழகிரிசாமி, இளம் எழுத்தாளர்களோடு கூடிப் பேசி அவர்களுடைய கதைகளை விமர்சித்தார். அந்த வழியின் தொடர்ச்சி என்றே இன்றைக்குச் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் நடத்தும் மாதாந்திரக் கதைக்களத்தைச் சொல்லலாம். அங் மோ கியோ நூலகத்தோடு சேர்ந்த வாசகர் வட்டம் இருக்கிறது, இன்னும் சிறு வட்டங்களும் இருக்கின்றன. ஆனால் கவனியுங்கள், இவை பெரும்பாலும் சிறுகதைக்கும் அச்சில் வந்த நூலுக்கும் பழகிய இடங்கள். உங்கள் நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை உருவிக்கொண்டுபோய் அங்கே வைத்தால் அதைச் சிறுகதையாகத்தான் படிப்பார்கள். முடிவு அழுத்தமாக இல்லை, இந்தப் பாத்திரம் எதற்கு வருகிறது என்று கேட்பார்கள். அது அவர்கள் தப்பு இல்லை, அந்தப் பாத்திரம் நூறு பக்கம் கழித்துத் தேவைப்படும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால் அங்கே பிரதியோடு போகாதீர்கள், காதை மட்டும் கொண்டுபோங்கள். நாலைந்து மாதம் தொடர்ந்து போய், மற்றவர்களின் கதையைப் பற்றி யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். "அருமை, மொழிநடை சிறப்பு" என்கிறவர்களை விட்டுவிடுங்கள். தன்னுடைய கொள்கையைச் சொல்ல எல்லாக் கதையையும் சாக்காக வைத்துக்கொள்கிறவர்களையும் விட்டுவிடுங்கள். "அந்தப் பையன் அம்மாவிடம் பணம் கேட்கும் இடத்தில் அம்மா பதிலே சொல்லவில்லை, அதனால் அடுத்த காட்சியில் அவள் அழுதபோது எனக்கு ஒட்டவில்லை" என்று ஒருவர் சொல்வார் பாருங்கள், அவர்தான் உங்களுக்கு வேண்டியவர். அவர் எழுத்தாளராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேசுகிற வாசகர்களில்தான் இப்படிப்பட்டவர்கள் அதிகம். கூட்டம் முடிந்து கோப்பி குடிக்கும்போது பேச்சுக் கொடுங்கள். அவர் கடைசியாக எந்த நாவலை ரசித்துப் படித்தார் என்று கேளுங்கள். உங்கள் நாவல் போகும் திசைக்கும் அவர் ரசனைக்கும் சம்பந்தமே இல்லை என்றால் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

உங்கள் நாவலுக்கு ஒரே மாதிரி ஆட்கள் நாலு பேர் போதாது. குறைந்தது மூன்று விதமானவர்கள் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, இங்கேயே பிறந்து வளர்ந்தவர், முடிந்தால் அந்தத் தளத்துப் பக்கம் வாழ்ந்த குடும்பத்திலிருந்து. நீங்கள் ஊரிலிருந்து வந்தவர், அதனால் இது மிக முக்கியம். பிரிட்டிஷார் தங்கள் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக 1968 ஜனவரியில் அறிவித்தார்கள், அதே ஆண்டின் கடைசியில் கப்பல் பட்டறை ஒரு வெள்ளி (டாலர்) என்ற பெயரளவு விலைக்குச் சிங்கப்பூர் அரசுக்குக் கைமாறியது, 1971 முடிவதற்குள் படைகளில் பெரும்பகுதி போய்விட்டன. இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். ஆனால் வேலை போகப்போகிறது என்று தெரிந்த அன்றைக்கு ஒரு வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், ஊருக்குத் திரும்புவதா இங்கேயே இருப்பதா என்று யார் முடிவு பண்ணினார்கள், அக்கம்பக்கத்து மலையாளிக் குடும்பங்களோடு எந்த மொழியில் பேசினார்கள் என்பதெல்லாம் அங்கே இருந்தவருக்குத்தான் தெரியும். அந்த வயதுக்காரர்கள் இப்போது எழுபது, எண்பதில் இருக்கிறார்கள். முந்நூறு பக்கத்தை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், கண் ஒத்துழைக்காது. தளத்தில் நடக்கும் காட்சிகளை மட்டும் எடுத்து, நேரில் போய் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். "அப்படியெல்லாம் பேச மாட்டாங்க தம்பி" என்று ஒரு வார்த்தை வந்தால் அங்கேயே நிறுத்தி, எப்படிப் பேசுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மத்தியானத்தில் கிடைப்பதைப் பத்து விமர்சகர்கள் சேர்ந்தாலும் தர முடியாது.

ஆள் கிடைக்காத விஷயங்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இருக்கின்றன, தமிழில் பேசியவையும் உண்டு. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் புரட்டலாம். தேதிப் பிழைகளை இப்படி நீங்களே பிடித்துவிடுங்கள், வாசகரின் கவனத்தை அதில் வீணாக்கக் கூடாது. ஈசூன் வீட்டிலிருந்து மூத்த மகன் 1985இல் ரயிலேறி வேலைக்குப் போவதாக எழுதியிருந்தால், விஷயம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்தோடு உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார். முதல் எம்ஆர்டி ரயில் ஓடியதே 1987 நவம்பரில், அதுவும் யோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை. ஈசூனுக்கு வர இன்னும் ஒரு வருடம் ஆனது.

இரண்டாவது ஆள் தமிழ்நாட்டில் இருக்கும் நல்ல வாசகர், சிங்கப்பூருக்கு வந்தே இராதவராக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் புத்தகம் அங்கேயும் விற்கப்போகிறது, அங்கேதான் அச்சாகவும் போகிறது. வெள்ளி என்றால் பணம் என்று அவருக்கு முதல் பக்கத்தில் புரிகிறதா, கோப்பிக் கடை, கம்பம் (கிராமக் குடியிருப்பு), மண்டோர் (மேஸ்திரி), மின்தூக்கி (லிஃப்ட்) எல்லாம் போகிற போக்கில் பிடிபடுகின்றனவா, எங்கே தடுக்கி விழுகிறார் என்று அவர்தான் காட்ட முடியும். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை. அவர் தடுக்கிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அவர் சொல்லும் மாற்றுச் சொல்லை எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளியை டாலராகவும் கோப்பியைக் காபியாகவும் மாற்றிக்கொண்டே போனால் கதை நடக்கும் ஊரே காணாமல் போய்விடும். சொல்லை வைத்துக்கொண்டு, அது புரிகிற மாதிரி வாக்கியத்தை நீங்கள் சரிசெய்யலாம். வெளியூர் எடிட்டர் ஒருவர் நாவல் முழுக்க இப்படி 'திருத்தி'க் கொடுத்ததும், எழுதியவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பி மாற்றியதும் எனக்கு நேரில் தெரியும்.

மூன்றாவது ஆள், உங்களைப் போலவே ஒரு நீளமான கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு எழுத்தாளர். ஐம்பது பக்கத்துக்கு ஐம்பது பக்கம் என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் கருத்தைவிட, அவர் பிரதியைப் படிக்கும்போது உங்களுக்கே நிறையப் புரியும். ஒரே சண்டையை அவர் மூன்று அத்தியாயத்தில் எழுதியிருப்பது உங்கள் கண்ணில் உடனே படும், அப்புறம் உங்கள் நாவலைத் திறந்தால் அங்கேயும் அது இருக்கும். இருவர் நால்வரானால் மாதம் ஒருமுறை நூலகத்திலோ அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயோ உட்காரலாம். இரண்டு கட்டுப்பாடு மட்டும் வையுங்கள்: பக்கங்களை ஒரு வாரம் முன்னாலேயே அனுப்பிவிட வேண்டும், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது ரொம்பக் கஷ்டம். "இல்ல, அது எதுக்குன்னா..." என்று நீங்கள் ஆரம்பித்த நொடியில் மற்றவர்கள் உங்களுக்கு வலிக்காமல் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இங்கே பிறந்த இளைஞர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ள முடிந்தால் சேருங்கள். தமிழ் நாவல் படித்துப் பழக்கமில்லை, மெதுவாகத்தான் படிப்பேன் என்பார். பரவாயில்லை, மெதுவாகப் படிக்கிறவர் எங்கே சலித்து நிறுத்தினார் என்பது வேகமாகப் படிக்கிறவர் மறைத்துவிடும் விஷயத்தைக் காட்டும்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடாதீர்கள். ஒருவர் உங்கள் நாவலைப் புதிதாகப் படிப்பது ஒரே ஒருமுறைதான். கையில் ஆறு பேர் இருந்தால் நாலு பேருக்கு இப்போது, திருத்தி எழுதியபின் படிக்க இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பதற்கு முன்னால் பிரதியைச் சுத்தம் பண்ணுங்கள், இதை எத்தனை பேர் செய்யாமல் விடுகிறார்கள் தெரியுமா! எழுத்துப்பிழை மலிந்த பிரதியைக் கையில் வாங்கினால் எப்பேர்ப்பட்ட வாசகரும் மெய்ப்புத் திருத்துபவராக மாறிவிடுவார். ஒற்று மிகுமா மிகாதா என்று நூறு குறிப்பு வரும், கதையைப் பற்றி ஒன்றும் வராது. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைக்கும் நாவி சந்திப்பிழைக்கும் உதவும், இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன, ஒருமுறை அதில் போட்டு எடுங்கள். யூனிகோடில் இருக்கட்டும், பழைய எழுத்துருவில் அனுப்பினால் பலருடைய கைப்பேசியில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். கூகுள் டாக்ஸில் எல்லாரையும் சேர்த்துவிடும் யோசனை வேண்டாம். முதல் ஆள் எழுதிய குறிப்பைப் பார்த்தே அடுத்தவர் படிப்பார், அவருடைய சொந்த வாசிப்பு கெட்டுப்போகும். என்னைக் கேட்டால் தாளில் கொடுப்பதுதான் உத்தமம். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் நகலெடுக்கும் கடைகள் இருக்கின்றன, ஏ4 தாளில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்து, ஓரத்தில் எழுத இடம் விட்டு, சுருள்கம்பி பைண்டிங் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாலு பிரதிக்குக் கொஞ்சம் காசு ஆகும், ஆனால் கையில் கனமாக ஒன்றைக் கொடுத்தால் அதற்கு வரும் மரியாதையே வேறு, ஓரத்தில் பேனாவால் எழுதுவார்கள்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். வீட்டில் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளை இருக்கிறவரிடம் ஆகஸ்ட்டில் கொடுத்தால் அது அலமாரியில்தான் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் நடக்காது. ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையை ஒட்டிக் கொடுங்கள், ஆறு வாரம் என்று தேதி சொல்லிவிடுங்கள். "மெதுவாப் படிங்க, அவசரமில்ல" என்று சொன்னால் படிக்கவே மாட்டார்கள்.

அடுத்து, என்ன கேட்பது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும், அந்தக் கேள்விக்கு மரியாதையான பதில் அது ஒன்றுதான். நீங்கள் அவர்களிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள், படிக்கும்போது அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், தூக்கம் வந்தா, போன் வந்தா, அலுப்பு வந்தா? எங்கே புரியாமல் திரும்பிப் போய்ப் படித்தீர்கள்? யாருடைய பெயர் குழம்பியது? யார் வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்? பாதியில் நிறுத்தியிருந்தால் எந்த இடம், அதைச் சொன்னாலே எனக்குப் பெரிய உதவி, முடிக்கணும்னு கட்டாயமே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வாக்கியத்தால் பலருக்குக் குற்ற உணர்ச்சி நீங்கி உண்மை வரும். ஓரத்தில் எழுத வெட்கப்படுகிறவர்களுக்கு ஒரு சுலபமான ஏற்பாடு செய்யலாம்: அலுப்பாக இருந்தால் ஒரு கோடு, குழப்பமாக இருந்தால் கேள்விக்குறி, பிடித்திருந்தால் ஒரு டிக். அவ்வளவுதான். முப்பது பக்கத்துக்கு ஒரு டிக்கூட இல்லாமல் பிரதி திரும்பி வந்தால், அதற்கு மேல் யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று செய்து பாருங்கள், நான் எல்லாரிடமும் வற்புறுத்துவது. படித்து முடித்து ஒரு பத்து நாள் கழித்து அவரைச் சந்தித்து, "எனக்கே என் கதையைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். எதை முதலில் சொல்கிறார், எதை மறந்துவிட்டார், எந்த இரண்டு பாத்திரத்தை ஒன்றாக்கிவிட்டார் என்று கவனியுங்கள். ஒரு தோழியின் நாவலில் தாய்மாமன் ஒருவர் முக்கியமான ஆள். கதை சொன்ன மூன்று பேரில் ஒருவர்கூட அவரைச் சொல்லவில்லை. அதே மூன்று பேரும் பதினாலாம் அத்தியாயத்தில் குறை சொன்னார்கள், அதுவும் ஆளுக்கொரு குறை: ஒருவருக்கு அது நீளம், ஒருவருக்கு அம்மா நகையைக் கழற்றிக் கொடுப்பது நம்பும்படி இல்லை, ஒருவருக்கு வசனம் நாடகத்தனம். தோழி முதலில் அந்த அத்தியாயத்தைச் சுருக்கினார், வசனத்தை மாற்றினார், சரியாகவில்லை. பிறகு பார்த்தால் விஷயம் ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்தது. அப்பா வேலையிழந்த சமயத்தில் அந்த மாமன்தான் கடன் வாங்கிக் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்பது அங்கே ஒரே வரியில், அதுவும் இன்னொருவர் பேச்சுக்கு நடுவே வந்து போயிருந்தது. அந்த ஒரு வரியை ஒரு காட்சியாக எழுதினார், மாமன் லோரியிலிருந்து இறங்கி அரிசி மூட்டையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வராமலே போகிறார். பதினாலாம் அத்தியாயத்தில் அதற்கப்புறம் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, புதிதாகப் படித்த இரண்டு பேருக்கும் அங்கே எந்தக் குறையும் தெரியவில்லை.

அதனால் கருத்துகளை இப்படிப் படியுங்கள்: பலர் ஒரே இடத்தைக் காட்டினால் அந்தப் பக்கத்தில் வலி இருப்பது உண்மை. காரணமும் மருந்தும் அவர்கள் சொல்வதாகவே இருக்க வேண்டியதில்லை, பல சமயம் அந்த இடத்துக்கு ஐம்பது, நூறு பக்கம் முன்னால் கிடக்கும். அதைத் தேடுவது உங்கள் வேலை, வாசகர் வேலை இல்லை. ஒருவர் மட்டும் சொன்ன குறையை உடனே தூக்கிப் போடவும் வேண்டாம், உடனே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். அதைக் கேட்டதும் உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வந்தால் தனியாகக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் அது உங்களுக்கே உள்ளூரத் தெரிந்த குறையாக இருக்கும். எல்லாக் குறிப்பையும் சேர்த்து இரண்டு வாரமாவது மூடி வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள், கையில் கிடைத்த அன்றைக்கே திருத்த உட்காராதீர்கள்.

போட்டிக்கு அனுப்பினால் கருத்துக் கிடைக்குமா என்று சிலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. 1993இல் தொடங்கிய தங்கமுனை விருது சிறுகதைக்கும் கவிதைக்குமானது. சிங்கப்பூர் இலக்கியப் பரிசு இப்போது அச்சான நூல்களுக்குத்தான். பொதுவாக எந்தப் போட்டியும் தேர்வாகாத பிரதிக்கு ஏன் என்று எழுதி அனுப்புவதில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இங்கே சிங் லிட் ஸ்டேஷன் என்ற இலக்கிய அமைப்பு கைப்பிரதிப் பட்டறைகள் நடத்தியிருக்கிறது, அச்சேறாத முழுப் பிரதியை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்து பேசுகிற முறை. தமிழிலும் அப்படி ஒன்று கட்டாயம் வேண்டும், கேட்டுக்கொண்டே இருப்போம். தேசியக் கலை மன்றம் புதிய எழுத்தாளரை அனுபவமுள்ள எழுத்தாளரோடு சேர்த்துவிடும் திட்டங்களை நடத்தியிருக்கிறது, மானியங்களும் தருகிறது, நடப்பில் என்ன இருக்கிறது என்று அவர்கள் இணையதளத்தில் பாருங்கள்.

காசு கொடுத்து ஒருவரிடம் பார்க்கச் சொல்வதில் தவறே இல்லை, உழைப்புக்குக் கூலி. ஆனால் எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். பிழை திருத்துவது ஒரு வேலை, வாக்கியத்தைச் செம்மையாக்குவது இன்னொரு வேலை, கதையின் கட்டமைப்பைப் பார்த்துச் சொல்வது முற்றிலும் வேறு வேலை. உங்களுக்கு இப்போது வேண்டியது மூன்றாவது. முதல் பத்துப் பக்கத்தைக் கொடுத்து, எழுத்தில் என்ன சொல்கிறார் என்று பார்த்த பிறகு மீதியைப் பேசுங்கள். அவருடைய குறிப்பைப் படித்துவிட்டு உங்களுக்கு எழுத உட்காரத் தோன்றினால் சரியான ஆள். அவரைப் போலவே எழுதச் சொல்கிறார் என்று பட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏஐயிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பதைப் பற்றியும் பலர் பேசுகிறார்கள். பாத்திரங்களின் வயதும் வருடமும் ஒத்துப்போகின்றனவா, பெயர் எங்கேயாவது மாறியிருக்கிறதா என்று பார்க்க உதவலாம். அதற்கு அலுக்காது, அதனால் எங்கே அலுத்தது என்று அதனால் சொல்ல முடியாது. உங்களுக்கு வேண்டியதோ அதுதான்.

கதையை யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயத்தில் பிரதியை யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. சிங்கப்பூரில் காப்புரிமைக்குப் பதிவு எதுவும் தேவையில்லை, நீங்கள் எழுதி வைத்ததுமே எழுதிய வடிவத்துக்கு உரிமை வந்துவிடுகிறது. தேதியோடு ஒரு பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், மனத்துக்கு நிம்மதி. அதற்கு மேல் இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

படித்தவர்களுக்குக் கைம்மாறு செய்யுங்கள். முந்நூறு பக்கம் படிப்பது ஒருவருடைய பல இரவுகள். பார்க்கப் போகும்போது ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுங்கள், அவர் எழுதுவதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், என்னுரையில் பெயர் போடலாமா என்று கேட்டுப் போடுங்கள். அவர் சொன்னதை நீங்கள் ஏற்கவில்லை என்றாலும் "அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அடுத்த நாவலுக்கும் அவர் வேண்டும்.

நாலு பிரதியும் திரும்பி வந்ததும் கட்டமைப்பை மட்டும் திருத்துங்கள், மொழியைத் தொடாதீர்கள், வெட்டப்போகும் பக்கத்தை மெருகேற்றி என்ன பயன். அது முடிந்ததும் வைத்திருந்த இரண்டு பேரிடம் கொடுங்கள். அதன் பிறகு மொழி, அதன் பிறகு மெய்ப்பு, அணிந்துரைக்கு ஆள் பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். தளத்துக் காட்சிகள் வரும் பகுதியை எனக்கு அனுப்புவதாக இருந்தால் அனுப்புங்கள், ஆறு வாரத்துக்குள் ஓரத்தில் கோடு போட்டுத் திருப்பித் தருகிறேன். அந்தப் பக்கம் வேலை பார்த்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் சம்மதித்தால் ஒரு சனிக்கிழமை சேர்ந்தே போய் வாசித்துக் காட்டலாம்.